கோவையில் ட்ரபீஸ் கற்கப் போய் நான் பட்டது

சர்க்கஸில் பார் விளையாட்டு என்று நாம் சொல்லும் பறக்கும் ட்ரபீஸைக் கோவையில் கற்றுத்தருவதாக வந்த விளம்பரத்தை நம்பி, பத்து வகுப்புகளுக்கு 16,000 ரூபாயை முன்கூட்டியே கட்டி, மூன்றாவது வகுப்போடு வலது தோளைப் பிடித்துக்கொண்டு திருப்பூருக்குத் திரும்பியவள் நான். புகார் நிலுவையில் இருப்பதால் நிலையத்தின் பெயரை எழுதவில்லை. விளம்பரப் படத்தில் அகலமான வலையும் அதற்குப் பின்னால் கடலும் தெரிந்தன. கோவையில் கடல் ஏது என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

முதல் இரண்டு வகுப்புகளும், பழைய குடோன் ஒன்றில் எட்டடி உயரத்தில் அசையாமல் தொங்கிய ஒரு கம்பியில் முழங்காலை மடித்து மாட்டித் தலைகீழாகத் தொங்குவதிலேயே கழிந்தன. அந்தப் பயிற்சி தேவைதான். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மேடையிலிருந்து குதித்து, ஆடும் கம்பியை விட்டு, எதிர்க்கம்பியில் தலைகீழாகத் தொங்குபவரின் கைகளைப் பற்றுவதுதான் பறக்கும் ட்ரபீஸ். எதிர்க்கம்பி என்று ஒன்று அங்கே கட்டப்படவே இல்லை என்பதை, மூன்றாவது வகுப்பில் மேடைமீது ஏறி நின்றபோதுதான் கவனித்தேன்.

பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். துணியில் ஒரு பிசிறு தென்பட்டாலும் பீஸை ஒதுக்கிவைத்துப் பழகிய கண் இது. எனக்குக் கட்டிய இடுப்பு வாரில் ஒரு பக்கம் தையல் விட்டிருந்தது. மேலே கப்பி வழியாக வந்த பாதுகாப்புக் கயிறு, ஒரு சாண் நீளத்துக்கு மேலுறை நைந்து, உள்நூல் வெள்ளையாகப் பொங்கியிருந்தது. வாரின் இரு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாக மாட்ட வேண்டிய கயிற்றை, முதுகுப்பக்கம் ஒன்றே ஒன்றாக மாட்டியிருந்தார்கள். அதைக் கீழே நின்று பிடித்திருந்த பையனுடைய மறு கையில் கைப்பேசி இருந்தது.

"தம்பி, கயிறு நைஞ்சு போயிருக்குதுங்களே" என்றேன்.

"அதெல்லாம் தாங்குமுங்க அக்கா, குதிங்க" என்றான்.

பணம் கட்டிவிட்ட வீம்பில் குதித்தேன். அந்தப் பிழை என்னுடையது.

கம்பி முன்னே போய் உச்சியில் நிற்கும் ஒரு நொடியில் உடல் எடையற்றதுபோல் ஆகிவிடும். அப்போது குரல் கொடுத்தால் காலைத் தூக்கிக் கம்பியில் மாட்டுவது எளிது. பயிற்சியாளர், நான் கீழே இறங்கிவரும்போது, முழு எடையும் கைகளில் தொங்கும் நேரத்தில் "தூக்குங்க" என்று கத்தினார். தோளில் ஏதோ பிசகிய வலியில் கை நழுவியது. கயிற்றை இழுத்து வேகத்தைத் தணிக்க வேண்டியவன் அண்ணாந்து பார்ப்பதற்குள் வலையில் விழுந்துவிட்டேன். வலையை இடுப்பு உயரத்துக்கும் குறைவாகக் கட்டியிருந்ததால், அது தொய்ந்து என் முதுகு தரையைத் தொட்டது. எலும்பு முறியாதது என் நல்ல நேரம். தோளுக்கு ஆறு வாரம் ஓய்வு என்றார் மருத்துவர்.

வலையைப் பற்றி நான் கேட்டபோது பயிற்சியாளர், அந்தக் காலத்து வித்தைக்காரர்கள் வலையே இல்லாமல் பறந்ததாக எனக்குப் பாடம் நடத்தினார். 1859இல் பாரிஸில் இந்த வித்தையை முதன்முதலில் அரங்கேற்றிய ஜூல் லெயோத்தார்கூட, கீழே மெத்தைகளை விரித்துக்கொண்டுதான் ஆடினார். பழகும்போது நீச்சல் குளத்துக்கு மேலே பழகினார் என்பார்கள். அவருக்கே அது வேண்டியிருந்தது என்றால், வார நாளெல்லாம் மேசை முன் நிற்கும் எனக்கு வேண்டாமா?

மீதி ஏழு வகுப்புகளுக்கான பணத்தைக் கேட்டதற்கு, கட்டிய தொகை திரும்பாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. பில்லும் தரவில்லை, கூகுள் பேயில் அனுப்பியதற்கான சான்று மட்டுமே என்னிடம் இருந்தது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பில் தராததும், குறையுள்ள சேவைக்கான பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் நேர்மையற்ற வணிக நடவடிக்கைகள்தாம். 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பதிவு செய்திருக்கிறேன். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. வாரின் தையலையும் நைந்த கயிற்றையும் அன்றே படம் எடுத்துவைக்கத் தோன்றவில்லை என்பதுதான் இப்போது என் வருத்தம்.

நேற்றும் அந்த விளம்பரம் என் கைப்பேசியில் வந்தது. தொடக்கச் சலுகை இன்னும் முடியவில்லையாம். கடலும் அப்படியே இருக்கிறது.