திருமலை தரிசன டிக்கெட் எடுப்பவர்கள் கவனத்துக்கு: போலித் தளத்தில் எங்கள் 3,200 ரூபாய் போனது

திருமலை 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசன டிக்கெட்டுக்கு, தேவஸ்தானத்தின் சொந்தத் தளத்திலும் அதன் செயலியிலும் தவிர வேறெங்கும் காசு கட்டாதீர்கள். அவசரமாக இருப்பவர்கள் இந்த ஒரு வரியைப் படித்துவிட்டுப் போனாலும் எனக்குப் போதும். எங்கள் வீட்டில் நடந்ததைக் கீழே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆந்திராவில் நகரி பக்கம் எங்கள் ஊர். தெரு முழுக்க விசைத்தறிச் சத்தம். வீட்டில் தமிழ் பேசுவோம், நான் படித்தது தெலுங்கு மீடியம். தமிழ் எழுத்து ஆயா, அதாவது என் பாட்டி, கற்றுக்கொடுத்தது. இப்போது திருப்பதியில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. படிக்கிறேன். தினமும் புத்தூர், வடமாலப்பேட்டை வழியாகப் பஸ்ஸில் போய் வருகிறேன். மலை தினமும் ஜன்னலில் தெரியும். மலைமேல் போவதுதான் எப்போதாவது.

நான் இன்டர் இரண்டாம் வருஷம் (தமிழ்நாட்டில் பிளஸ் டூ மாதிரி) படிக்கும்போது டெங்கு வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போன ஒரு ராத்திரி, ஆயா மஞ்சள் துணியில் பதினொரு ரூபாய் முடிந்து சாமி மாடத்தில் வைத்து, தன் முடியைக் கொடுப்பதாக வேண்டிக்கொண்டாள். என் முடியை இல்லை, அவள் முடியை. அறுபத்தெட்டு வயதிலும் இடுப்பு வரை இருக்கும். புரட்டாசிச் சனிக்கிழமையில் நாமம் போட்ட செம்பைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக "கோவிந்தா" போடுவோமே, அப்போது சின்னப் பிள்ளையான என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவள் அவள்தான். அந்த வேண்டுதல் இரண்டு வருஷமாகப் பாக்கி நின்றது. காரணம் ஆயாவின் முழங்கால். இலவச வரிசையில் பல மணி நேரம் அவளால் உட்கார்ந்து எழ முடியாது. அதனால் 300 ரூபாய் டிக்கெட் எடுத்து அவளைக் கூட்டிப்போவது என் பொறுப்பு என்று நானே சொல்லிக்கொண்டேன். தெருப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். ஆளுக்கு மாசம் 200 ரூபாய். அந்தக் காசில்தான் எடுக்கணும் என்று வைராக்கியம்.

இந்த டிக்கெட்டை வழக்கமாக மாதம் 24-ஆம் தேதி காலை 10 மணிக்கு விடுகிறார்கள், மூன்று மாதம் தள்ளி வரும் தேதிகளுக்கு. ஜூன் மாதத்துக்கு மார்ச் 24. அன்றைக்குக் காலையில் எனக்குப் பிராக்டிகல். லேபுக்குள் போன் எடுத்துப்போகக் கூடாது. 11.20-க்கு வெளியே ஓடி வந்து போனைத் திறந்தால், நாங்கள் போகக்கூடிய நாள் ஒன்றுகூட மிச்சமில்லை. அம்மாவிடம் சொல்லவே மனசு வரவில்லை. மூன்று நாள் கழித்து ராத்திரி, "திருப்பதி தரிசனம் ஜூன் டிக்கெட்" என்று கூகுளில் போட்டுத் தேடினேன். தப்பு அங்கேதான் தொடங்கியது.

முதலில் வந்த தளத்தைத் திறந்தேன். அதன் மேல் சின்ன எழுத்தில் "விளம்பரம்" என்று இருந்தது இப்போது ஞாபகம் வருகிறது, அப்போது கண்ணில் படவில்லை. கோபுரப் படம், சங்கு சக்கரம், பின்னணியில் சுப்ரபாதம். முகவரியின் நடுவில் "ஏபி", "கவ்" என்ற எழுத்துகளும் இருந்தன, முடிந்ததோ "டாட் காம்" என்று. பெயரும் போன் நம்பரும் போட்டு ஐந்து நிமிஷம் ஆகவில்லை, வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது.

பேசியவர் தமிழில் பேசினார். இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லணும். எங்கள் பக்கத்தில் ஆபீஸ், பேங்க், ரேஷன், காலேஜ் எல்லாம் தெலுங்கில்தான். எனக்கு அது பழக்கம், ஆனால் அம்மாவும் ஆயாவும் எந்தக் கவுன்டரிலும் தயங்கித் தயங்கித்தான் பேசுவார்கள். அப்படிப்பட்ட வீட்டில், ராத்திரி ஒன்பது மணிக்கு ஒருத்தர், "சொல்லுங்கம்மா, பெரியவங்க யாராவது வராங்களா? முட்டி வலின்னா வீல்சேர் சொல்லி வச்சிடறேன்" என்று நம் பாஷையில் கேட்டால் எப்படி இருக்கும்? ஸ்பீக்கரில் போட்டேன். ஆயா கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்து, "நல்லா இருப்பா" என்று அவரை வாழ்த்தினாள். அந்த வாழ்த்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

ஏஜென்ட் கோட்டா இருக்கிறது, நாலு பேருக்கு ஜூன் இரண்டாம் வாரம் கிடைக்கும் என்றார். டிக்கெட் 300, சேவைக் கட்டணம் 250. ஆக 550, நாலு பேருக்கு 2,200. மலையில் ரூமுக்குத் தனியாக 1,000. நாலு பேர் ஆதாரையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். யுபிஐயில் பணம் போடும்போது தேவஸ்தானம் பேர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆள் பேர் வந்தது. கேட்டேன். "அக்கவுன்டன்ட் பேரும்மா, எல்லாருக்கும் இப்படித்தான்" என்றார். அந்த ஒரு நிமிஷம் எனக்குச் சந்தேகம் வரத்தான் செய்தது. சாமி காரியத்தில் சந்தேகப்படக் கூடாது என்று நானே அதை அடக்கிக்கொண்டேன். அரை மணியில் பிடிஎஃப் வந்தது. பெயர், வயது, தேதி, காலை 11 மணி, கியூஆர் கோடு, எல்லாம் ஒழுங்காக இருந்தது. கடையில் இரண்டு காப்பி பிரின்ட் எடுத்து சாமி மாடத்தில் மஞ்சள் முடிச்சுக்குப் பக்கத்தில் வைத்தோம்.

ஜூனில் அம்மா, ஆயா, தம்பி, நான் நாலு பேரும் விடியற்காலையில் மலை ஏறினோம். கல்யாணகட்டாவில் ஆயா முடி கொடுத்தாள். குளித்து, மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, வெயிலில் பளபளவென்று நின்றாள். சின்னக் குழந்தை மாதிரி சிரிப்பு. போன்களைக் கவுன்டரில் ஒப்படைத்துவிட்டு வரிசைக்குப் போனோம். ஸ்கேன் செய்கிற இடத்தில் மெஷின் எங்கள் காகிதத்தை எடுக்கவில்லை. இரண்டாவது காப்பியையும் எடுக்கவில்லை. அங்கே இருந்தவர் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, கோபமில்லாமல்தான் சொன்னார்: "இதி செல்லதம்மா."

தெலுங்கில் எவ்வளவோ வார்த்தை ஆயாவுக்குப் புரியாது. இது புரிந்துவிட்டது, இரண்டு பாஷையிலும் கிட்டத்தட்ட ஒரே சொல்தானே. "இன்னா கண்ணு, செல்லாதுங்கறாரா? நீ காசு கட்டினியே" என்றாள். பின்னால் வரிசை நெருக்குகிறது. போன் கையில் இல்லை, யாரையும் கூப்பிட்டுக் கேட்க முடியாது. அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஓரமாகக் கூட்டிவந்து ஆயாவை உட்காரவைத்து, அவள் காலைப் பிடித்துவிட்டாள். நான் போய் போனை வாங்கி அந்த நம்பரை அழைத்தேன். உபயோகத்தில் இல்லை. ரூம் என்று அனுப்பிய ரசீதும் பொய்.

சேவையில் இருந்த ஒரு அம்மா எங்களை சர்வ தரிசனம் என்கிற இலவச வரிசைக்கு அனுப்பினார். மதியம் பன்னிரண்டு மணிக்குக் கம்பார்ட்மென்டில், அதாவது காத்திருக்கும் கூடத்தில், உட்கார்ந்தோம். பால் கொடுத்தார்கள், சாப்பாடு கொடுத்தார்கள், பசியில்லை. ஆயா காலை நீட்ட இடமில்லாமல் தம்பி மடியில் நீட்டிக்கொண்டாள். மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு, "ஜரகண்டி, ஜரகண்டி" சத்தத்துக்கு நடுவில் பார்த்தோம். சில விநாடிதான். ஆயா கை கூப்பியதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் நான் சரியாகச் சாமியைப் பார்க்கவில்லை. மஞ்சள் முடிச்சை உண்டியலில் போட்டுவிட்டு வெளியே வந்தவள், "வந்த வேலை ஆச்சு" என்றாள். இறங்கி வந்த பிறகு ஒரு வாரம் அவளால் படி ஏற முடியவில்லை.

ஊருக்கு வந்தபின் கேட்டவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒன்றையே சொன்னார்கள். "அவன் கூப்பிடற நேரத்துலதான் போவ முடியும், அவனே அலைய வச்சிப் பார்த்தான்", "சாமி காசைத் தின்னவன் நல்லா இருக்க மாட்டான், அவரே பார்த்துப்பார், உடு." எங்கள் தெருவிலேயே ஒரு தறிக்கார அத்தை மெதுவாக வந்து, போன வருஷம் தாங்களும் 1,800 ரூபாய் இப்படிக் கொடுத்து ஏமாந்ததாகச் சொன்னார். யாரிடமும் சொல்லவில்லையாம், சாமி விஷயமாச்சே என்று. அவர் அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, வருத்தம்தான். நம்பிக்கையும் வெட்கமும் சேர்ந்து நம் வாயைக் கட்டிவிடுகிறது, திருடனுக்கு வேண்டியது அதுதான். எனக்குப் பெருமாள்மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஆயாவின் முழங்காலை நோகவைத்தது அவர் அழைப்பு அல்ல, ஒரு மனுஷன் செய்த மோசடி. அதைச் சாமி கணக்கில் எழுத நான் தயாராக இல்லை.

புகார் கொடுத்தேன். 1930 என்ற நம்பர், இணையப் பண மோசடிக்கு நாடு முழுக்க ஒன்றுதான். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் பதியலாம். பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண், தேதி, அந்த வாட்ஸ்அப் நம்பர், தளத்தின் முகவரி, அரட்டையின் ஸ்க்ரீன்ஷாட், இவ்வளவும் கேட்டார்கள். நல்லவேளை, எதையும் அழிக்கவில்லை. நீங்களும் ஆத்திரத்தில் எதையும் அழிக்காதீர்கள். புகாரை எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்திவைக்க வாய்ப்பு. இந்த மோசடியின் கெட்டிக்காரத்தனமே இங்கேதான் இருக்கிறது: காசு வாங்கியது மார்ச்சில், எனக்குத் தெரிந்தது ஜூனில். இரண்டரை மாதம் செல்லாத காகிதத்தைச் சாமி மாடத்தில் வைத்துக் கும்பிட்டிருக்கிறோம். எங்கள் பணம் இன்னும் திரும்பவில்லை. பேங்கிலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆதார் படங்கள் அவர்கள் கையில் போனதுதான் பெரிய பயம், அதனால் நாலு பேருக்கும் ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டிவிட்டேன். ஆதார் தளத்திலேயே செய்யலாம், காசில்லை. ஆதார் பற்றிய சந்தேகத்துக்கு 1947.

இனி டிக்கெட் எடுக்கப்போகிறவர்களுக்கு. தேவஸ்தானத்தின் தளம் டிடிதேவஸ்தானம்ஸ் டாட் ஏபி டாட் கவ் டாட் இன் (ttdevasthanams.ap.gov.in). முகவரியின் கடைசியைப் பாருங்கள், "கவ் டாட் இன்" என்றே முடியணும். அந்த முடிவு அரசு சார்ந்தவர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். நடுவில் எத்தனை "கவ்" வந்தாலும் கணக்கில்லை. தேடிப் போகாதீர்கள், முகவரியை நீங்களே தட்டுங்கள், இல்லையென்றால் தேவஸ்தானத்தின் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். டிக்கெட் விலை 300தான், சேவைக் கட்டணம் என்று 250 ரூபாயெல்லாம் கிடையாது. யாராவது வாட்ஸ்அப்பில் கோட்டா என்று சொன்னால் அங்கேயே வைத்துவிடுங்கள். ரூம் வாடகைக்கும் இதே எச்சரிக்கை, மலையில் 50 ரூபாய், 100 ரூபாய் அறைகளே இருக்கின்றன.

எனக்குத் தெரியாமல் போன இன்னொன்று. 65 வயது தாண்டியவர்களுக்கு இலவசமாகவே தனி தரிசன ஒதுக்கீடு இருக்கிறது. அதையும் அதே தளத்தில் மாதாமாதம் விடுகிறார்கள். ஆயாவுக்கு அறுபத்தெட்டு. அவளுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டவேண்டியிருந்திருக்காது. இது தெரிந்த அன்றைக்குத்தான் நான் உட்கார்ந்து அழுதேன், வரிசையில் அழவில்லை. அதுவும் கிடைக்காதவர்களுக்குக் கீழே திருப்பதியிலேயே விஷ்ணு நிவாசம், சீனிவாசம், பூதேவி காம்ப்ளெக்ஸ் ஆகிய இடங்களில் ஆதாரைக் காட்டினால் நேரம் போட்ட இலவச டோக்கன் தருகிறார்கள். டோக்கன் கிடைத்தால் மேலே போய்க் காத்திருப்பது குறையும்.

எங்கள் தெருவில் டிக்கெட் வேண்டியவர்கள் இப்போது என்னிடம் பெயர் கொடுத்திருக்கிறார்கள், ஒன்பது பேர். அடுத்த 24-ஆம் தேதி காலேஜுக்கு லீவு சொல்லிவிட்டேன். அந்தப் போலித் தளம் நேற்று ராத்திரியும் திறந்துதான் இருந்தது. அதே கோபுரம், அதே சுப்ரபாதம், முகவரியில் ஒரு எழுத்து மட்டும் மாறியிருக்கிறது. அதையும் 1930-க்குச் சொல்லியிருக்கிறேன்.