வேர்க்குருவுக்குப் பவுடரா, காலமைன் லோஷனா?

கத்திரி வெயிலில் கழுத்தும் முதுகும் வேர்க்குருவாகப் பொரிந்துவிடும். வியர்வை நாளங்கள் அடைபட்டு, வியர்வை தோலுக்குள்ளேயே தங்குவதுதான் காரணம்.

பவுடர் போட்டதும் ஜில்லென்று இருப்பது பெரும்பாலும் மென்தால் வேலை. ஈரத்தை உறிஞ்சும், சரி. ஆனால் வியர்த்த உடம்பில் அப்பினால் கழுத்து மடிப்பில் மாவாகத் திரண்டு அடைப்பைக் கூட்டும். கைக்குழந்தைக்கு வேண்டவே வேண்டாம், தூள் மூச்சில் ஏறும்.

காலமைன் லோஷனில் இருப்பது துத்தநாக ஆக்சைடு. அடியில் படிந்த இளஞ்சிவப்பு வண்டல் கலங்கும்வரை பாட்டிலைக் குலுக்கி, பஞ்சில் தொட்டுத் தடவ வேண்டும். காயக் காய அரிப்பு அடங்கும். திட்டாகத் தெரியும் என்பதால் ராத்திரி குளித்துத் துடைத்தபின் தடவலாம். அரிப்புக்கு என் ஓட்டு லோஷனுக்கே. சொறிந்து புண்ணான இடத்தில் இரண்டுமே கூடாது. சீழ் வைத்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.