தள்ளுவண்டிக்கு கார்டு வாங்கித் தருகிறேன் என்று வருபவரிடம் கைரேகை வைத்துவிடாதீர்கள்

எங்கள் அம்மா பதினேழு வருடமாகத் தள்ளுவண்டியில் பணியாரம் சுட்டு விற்கிறார். சாயங்காலம் நாலரைக்கு வண்டி வந்து நிற்கும், ஒன்பது மணிக்குள் மாவு தீர்ந்துவிடும். 2025 செப்டம்பரில் அவரையும், அதே தெருவில் கடை போடும் இன்னும் பத்துப் பேரையும் ஒரு ஆள் ஏமாற்றிவிட்டுப் போனார். தலைக்கு 4,500 ரூபாய் போனது. அந்தப் பணத்தை இரண்டு மாதத்தில் சரிக்கட்டிவிடலாம். சரிக்கட்ட முடியாத வேறு சில விஷயங்கள் அதோடு சேர்ந்து போய்விட்டன. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது பூ, காய், டிபன், செருப்புத் தையல் என்று ரோட்டோரம் தொழில் செய்தால் இதை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

அந்த ஆள் நன்றாக இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். கழுத்தில் நாடாவில் ஒரு அட்டை, அதில் ‘ஒருங்கிணைப்பாளர்’ என்று போட்டிருந்தது. யாருடைய ஒருங்கிணைப்பாளர், எந்த அலுவலகம் என்று எதுவும் இல்லை. அதை யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட. முதலில் பூக்கடை அக்காவிடம் பேசி, அவர் சொல்லி அம்மாவிடம் வந்தார். பூக்கடை அக்காவின் மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவருக்கும் போயிருக்கிறது.

“அக்கா, பத்தாயிரமா இருந்த கடனை இப்ப பதினஞ்சாயிரம் ஆக்கிட்டாங்க. கார்டு இருக்கறவங்களுக்கு மட்டுந்தான். முகாம்ல போய் நின்னா கூட்டம், ஒரு நாள் பொழப்பு போயிடும். நானே எல்லாத்தையும் முடிச்சு உங்க கைல குடுத்துடறேன்.”

கார்டு என்று அவர் சொன்னது தெருவோர வியாபாரிகளுக்கான அடையாள அட்டையை. அவர் சொன்னதில் முதல் வாக்கியம் உண்மை. அதனால்தான் மற்றதையும் நம்பினோம். தெருவோர வியாபாரிகளுக்கான பி.எம். ஸ்வநிதி கடன் 2020 ஜூனில் ஆரம்பித்தபோது முதல் கடன் 10,000, அதை அடைத்தால் 20,000, அப்புறம் 50,000 என்று இருந்தது. 2025 ஆகஸ்ட் கடைசியில் மத்திய அமைச்சரவை அதை மாற்றியது. முதல் கடன் 15,000, அடுத்தது 25,000, மூன்றாவது அதே 50,000. திட்டத்தையும் 2030 மார்ச் வரை நீட்டித்தார்கள். டிவியில் செய்தி வந்த மூன்றாவது வாரத்தில் அந்த ஆள் எங்கள் தெருவில் நின்றார். ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்கள் வார்டு வார்டாக நடந்துகொண்டிருந்த சமயம் வேறு. கழுத்தில் அட்டையும் கையில் பைலுமாக யார் வந்தாலும் அரசாங்க ஆள் என்றே தோன்றியது.

அவர் சொன்ன பெரிய பொய், அந்தப் பதினைந்தாயிரத்தைத் திருப்பிக் கட்ட வேண்டாம், அது மானியம் என்பது. அது மானியம் கிடையாது. வங்கிக் கடன், மாதத் தவணையாகக் கட்டியே ஆக வேண்டும். ஈடு எதுவும் கேட்க மாட்டார்கள், தவணை தவறாமல் கட்டினால் ஆண்டுக்கு 7 சதவீத வட்டி மானியமாகக் கணக்குக்குத் திரும்பி வரும். மானியம் என்ற சொல் அதில் அந்த அளவுக்குத்தான் இருக்கிறது. இது தெரியாமல் வாங்கிச் செலவழித்துவிட்டு, பிறகு வங்கிக்காரர்கள் வீட்டுக்கு வரும்போது முழிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

4,500 ரூபாய்க்கு அவர் சொன்ன கணக்கு: வியாபாரி கார்டுக்கு 1,500, உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு 1,500, லோன் பைல் சார்ஜ் 1,500. கையில் ரொக்கமாகத்தான் வேண்டும், போனில் அனுப்பினால் ‘ஆபீஸ்ல கேள்வி கேப்பாங்க’ என்றார். ரசீது கேட்டதற்கு, கார்டு வரும்போது சேர்த்துத் தருவதாகச் சொன்னார். உண்மையில், சிறு உணவு வியாபாரிகளுக்கான பதிவுக்கு அவர் கேட்ட அளவுக்கு அரசுக் கட்டணம் கிடையாது. லோன் விண்ணப்பத்துக்கு பைல் சார்ஜ் என்று ஒன்றே கிடையாது. இது எல்லாம் பிறகு தெரிந்தது.

இப்போது கைரேகை விஷயத்துக்கு வருகிறேன். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்து, போனோடு வயரில் சொருகி, அம்மாவைக் கட்டைவிரல் வைக்கச் சொன்னார். வைத்தார். “சரியா விழல அக்கா, இன்னொரு தடவை.” வைத்தார். “இன்னும் ஒரே ஒரு தடவை.” அம்மாவுக்கு இதில் சந்தேகமே வரவில்லை. பதினேழு வருடம் சூட்டுக் கல்லிலும் மாவுத் தண்ணீரிலும் கிடந்த விரல்கள், ரேகை தேய்ந்து வழவழவென்று இருக்கும். ரேஷன் கடையிலேயே அம்மாவுக்கு ஒரே தடவையில் ரேகை விழாது, துணியில் துடைத்துத் துடைத்து நாலு தடவை வைப்பார். அதனால் இவரிடமும் முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வைத்திருக்கிறார். அந்த மூன்று தடவையில் என்ன நடந்தது என்று நாலு மாதம் எங்களுக்குத் தெரியாது.

பத்து நாளில் கார்டு வந்தது. லேமினேஷன் போட்டு, அம்மா படத்தோடு, அரசு முத்திரை மாதிரி ஒன்றோடு. ‘தெருவோர வியபாரி அடையாள அட்டை’. கால் விட்டுப் போயிருந்ததை நான் பார்த்தேன், அச்சுப் பிழை என்று விட்டுவிட்டேன். அம்மா அதை வண்டியின் கண்ணாடிக்குள், பணியாரத் தட்டுக்குப் பக்கத்தில், எல்லோரும் பார்க்கிற மாதிரி சொருகி வைத்தார். லோன் ‘பிராசஸ்ல இருக்கு’ என்றார் அந்த ஆள். தீபாவளிக்கு அப்புறம் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

நவம்பரில் மாநகராட்சியிலிருந்து உண்மையான கணக்கெடுப்புக்கு இரண்டு பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். பெயர், ஆதார், எத்தனை வருடத் தொழில் என்று கேட்டு, வண்டியோடு படம் எடுத்துப் போனார்கள். அம்மா கல்லில் மாவு ஊற்றிக்கொண்டே, “எனக்கு கார்டு வந்துருச்சும்மா, இல்லாதவங்களுக்குப் பாருங்க” என்று அனுப்பிவிட்டார். அவர் உண்மையிலேயே அடுத்தவருக்கு வழிவிட்டதாகத்தான் நினைத்தார். எங்கள் தெருவில் அந்த ஆளிடம் பணம் கொடுத்த பதினொரு பேரில் ஏழு பேர் இதேபோல் கணக்கெடுப்பில் விடுபட்டார்கள். பணம் கொடுக்காத நாலைந்து பேருக்கு இப்போது முறையான பதிவு இருக்கிறது. போலி அட்டை செய்த பெரிய கெடுதல் இதுதான். கையில் ஒன்றுமே இல்லை என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே பெயரைக் கொடுத்திருப்பார்.

பொங்கல் முடிந்த வாரம் ஆக்கிரமிப்பு அகற்றும் லாரி வந்தது. அம்மா கார்டை எடுத்து நீட்டினார். வாங்கிப் பார்த்தவர், இது செல்லாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வண்டியை நாலு பேர் தூக்கி லாரியில் ஏற்றினார்கள். அடுப்பை அணைத்து, சூட்டோடு சூடாகப் பணியாரக் கல்லை மட்டும் சாக்குத் துணியால் பிடித்து எடுத்துக்கொண்டு அம்மா நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது கல்லின் குழிகளில் பாதி வெந்த மாவு அப்படியே இருந்தது.

அன்றைக்கு எங்களுக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். 2014ஆம் வருடத்துத் தெருவோர வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடிந்து எல்லோருக்கும் விற்பனைச் சான்று தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. இடம் மாற்றச் சொல்வதென்றால் 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். பொருளை எடுத்தால் என்னென்ன எடுத்தார்கள் என்று பட்டியல் போட்டுக் கையெழுத்தோடு தர வேண்டும். கேட்டு வந்தால் அழுகும் பொருளை அன்றைக்கே, மற்றதை இரண்டு வேலை நாளுக்குள் விட வேண்டும். எங்களுக்கு நோட்டீஸும் தரவில்லை, பட்டியலும் தரவில்லை. ஐந்து நாள் அலைந்து, 2,000 ரூபாய் கட்டி வண்டியை மீட்டோம். ஒரு சக்கரம் வளைந்திருந்தது. லாரி வந்தால் பட்டியல் கேளுங்கள், தராவிட்டால் போனில் படமாவது எடுத்து வையுங்கள்.

அந்த அலைச்சலில்தான் மண்டல அலுவலகத்தில் ஒருவர் அட்டை எண்ணைக் கணினியில் போட்டுப் பார்த்தார். வேறு வார்டில் தள்ளுவண்டியில் காய் விற்கும் ஒருவருடைய எண் அது. சாயங்காலம் எல்லோருடைய கார்டையும் வாங்கி அம்மா வண்டிப் பலகையில் வரிசையாக வைத்தோம். பதினொன்றிலும் ஒரே எண். படமும் பெயரும் மட்டும் வேறு. நாலு மாதமாகப் பக்கத்துப் பக்கத்து வண்டிகளில் தொங்கியிருக்கிறது, ஒருவர் கார்டை ஒருவர் சேர்த்து வைத்துப் பார்க்கவே இல்லை.

அப்போதுதான் கைரேகை நினைவுக்கு வந்து வயிற்றைக் கலக்கியது. ஆதார் இணையதளத்தில், எந்தெந்தத் தேதியில் நம் ஆதாரை யார் சரிபார்த்தார்கள் என்று ஆறு மாதம் வரைக்கும் பின்னோக்கிப் பார்க்க முடியும். பார்த்தோம். அந்தச் செப்டம்பர் நாளில், பத்து நிமிடத்துக்குள், கைரேகை வழியாக மூன்று பதிவுகள். மாநகராட்சி பெயரிலோ வங்கி பெயரிலோ ஒன்றுகூட இல்லை. இரண்டு ஒரு செல்போன் நிறுவனத்தின் பெயரில். அப்புறம், நம் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று காட்டும் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அம்மாவின் எண்ணைப் போட்டோம். அம்மா பெயரில் மூன்று சிம் இருப்பதாகக் காட்டியது. அம்மாவிடம் இருப்பது ஒன்றுதான். மற்ற இரண்டும் யார் கையில், எதற்குப் பயன்பட்டன என்று இன்றுவரை தெரியாது. நாளைக்கு யாரையாவது மிரட்டிப் பணம் பறிக்க அந்த எண்ணிலிருந்து பேசினால், போலீஸ் முதலில் வந்து நிற்கப்போவது பணியார வண்டி முன்னால்.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி ரேகை வைத்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள். சஞ்சார் சாத்தியில் ‘என் எண் இல்லை’ என்று தெரிவித்தால் விசாரித்து அந்த இணைப்பைத் துண்டிப்பார்கள். ஆதாரில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கலாம், ரேகை தேவைப்படும் நாளில் மட்டும் தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள். பெயரில் கடன் ஏதாவது ஏறியிருக்கிறதா என்று பார்க்க, கடன் விவரங்களைப் பதிந்து வைக்கும் சிபில் போன்ற நிறுவனங்கள் வருடத்துக்கு ஒரு முறை இலவசமாக முழு அறிக்கை தர வேண்டும். அம்மா பெயரில் கடன் எதுவும் இல்லை என்று பார்த்த அன்றைக்குத்தான் வீட்டில் எல்லோரும் ஒழுங்காகத் தூங்கினோம்.

கார்டுக்கு இப்போது நாங்களே நேராகப் போனோம். மாநகராட்சியில் நகர்ப்புற வாழ்வாதாரப் பிரிவு என்று கேட்டால் காட்டுவார்கள். கணக்கெடுப்பில் விடுபட்டவர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் என்று ஒன்று தருகிறார்கள், அதை வைத்தே கடனுக்கு விண்ணப்பிக்கலாம். ஆதார், ஆதாரோடு இணைந்த செல்போன் எண், வங்கிப் புத்தகம், வியாபாரம் செய்வதற்கு ஏதாவது ஆதாரம், இவைதான் கேட்டார்கள். அம்மாவிடம் இருந்த ஆதாரம் பழைய வியாபாரிகள் சங்கச் சந்தாச் சீட்டு. மூன்று தடவை போக வேண்டியிருந்தது, ஒரு தடவை சம்பந்தப்பட்டவர் லீவு, இன்னொரு தடவை சர்வர் இல்லை. அந்த இரண்டு நாளும் வியாபாரம் போனது உண்மைதான். ஆனால் அலுவலகத்தில் ஒரு ரூபாய்கூட யாரும் கேட்கவில்லை. வண்டியை நேரில் வந்து பார்த்துப் படம் எடுத்துப் போயிருக்கிறார்கள். கடிதம் இன்னும் வரவில்லை.

காவல் நிலையத்தில் பதினொரு பேரும் சேர்ந்து மனு கொடுத்தோம். முதலில் தனித்தனியாக வரச் சொன்னார்கள், சேர்ந்தே நின்றோம், மனுவைப் பதிந்துகொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது தந்தார்கள். அந்த ரசீதை வாங்காமல் எழுந்து வராதீர்கள். அந்த ஆள் இப்போது பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கம் பழவண்டிக்காரர்களிடம் வீட்டு வசதி மானியம் வாங்கித் தருவதாகச் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டு, நேற்று நானும் பூக்கடை அக்காவும் போய் அங்கே இருந்தவர்களிடம் விஷயத்தைச் சொன்னோம். இரண்டு பேர் ஏற்கெனவே ரேகை வைத்துவிட்டார்கள். அவர்கள் போனிலேயே சஞ்சார் சாத்தியைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தோம்.