கழிவுநீர்க் கசடு உரம்: காய்க்கு இடலாம், கீரைக்கு வேண்டாம்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் படியும் கசட்டைப் பதப்படுத்தி, மூட்டையில் அடைத்து விற்கும் உரத்தைக் காய்கறிப் பாத்திகளில் இரண்டு பருவம் இட்டுப் பார்த்திருக்கிறேன். முதல் பருவத்தில் இட்டது வெப்பத்தில் உலர்த்திய குருணை. அடுத்த பருவத்தில், மரத்தூளோடு சேர்த்து மக்கவைத்த உரம். மூலப்பொருள் ஒன்றே என்றாலும் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட முடியாது.

குருணை கடுகைவிடச் சற்றுப் பெரிதாக, கறுப்பாக, கையில் ஒட்டாமல் இருந்தது. உலர்ந்த நிலையில் வாடையே இல்லை. முதல் தண்ணீர் பட்டதும் எழுந்த வாடை மூன்று நாளில் அடங்கியது. நாற்று நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே, சதுர மீட்டருக்கு அரை கிலோ வீதம் அடியுரமாக இட்டு மண்ணோடு கொத்திக் கலந்துவிட்டேன். யூரியா இட்ட பயிர் நான்கே நாளில் கரும்பச்சையாகிப் பிறகு வெளுத்துப் போவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த உரம் முதலில் ஏமாற்றமாகத் தோன்றும். இதிலுள்ள தழைச்சத்தில் (நைட்ரஜன்) பெரும்பகுதி கரிமப் பொருளோடு பிணைந்திருப்பதால், நுண்ணுயிர்கள் சிதைத்துக் கொடுக்கக் கொடுக்கத்தான் அது வேருக்குக் கிடைக்கிறது. முதல் பருவத்தில் ஒரு பங்கு மட்டுமே வெளிவரும். பச்சை ஏறவில்லையே என்று அவசரப்பட்டு மேலும் அள்ளிப் போடுவதுதான் இந்த உரத்தில் செய்யக்கூடிய பெரிய தவறு, ஏனெனில் பயிருக்குத் தேவையான தழைச்சத்தைக் கணக்கிட்டு இடும்போதே மணிச்சத்து (பாஸ்பரஸ்) தேவைக்கு மேல் சேர்ந்துவிடுகிறது. பொறுத்திருந்ததன் பலன் ஐந்தாம் வாரத்திலிருந்து தெரிந்தது: கத்தரியும் வெண்டையும் கடைசிப் பறிப்பு வரை தளரவில்லை.

தக்காளியில் மட்டும் ஒரு குறை கண்டேன். காய் பருக்கும் நேரத்தில் அடியிலைகளின் ஓரம் மஞ்சளாகி, பிறகு கருகியது. அது சாம்பல்சத்துப் (பொட்டாசியம்) பற்றாக்குறையின் அடையாளம். சாம்பல்சத்து தண்ணீரில் எளிதில் கரைவதால், சுத்திகரித்த நீரோடு போய்விடுகிறது; கசட்டில் மிகக் குறைவாகவே தங்குகிறது. 1926 முதல் விற்பனையில் உள்ள, அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்துக் கசட்டு உரமான மில்ஆர்கனைட்டின் மூட்டையில் தழை, மணி, சாம்பல் சத்துகளின் விழுக்காடாக 6-4-0 என்று அச்சிட்டிருப்பார்கள். கடைசியில் நிற்கும் அந்தச் சுழி சாம்பல்சத்தைக் குறிப்பது. மீதி வரிசைகளுக்கு விறகுச் சாம்பல் தூவிய பிறகு புதிய இலைகள் கருகவில்லை. குருணையை வாங்குகிறவர்கள் இதற்கும் சேர்த்தே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

மக்கிய உரத்தை மூட்டையைப் பிரித்தவுடன் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. மழை நின்ற பின் வரும் மண்வாசனை, பொலபொலவென்ற பதம், ஒருமுறை பாய்ச்சினால் மூன்று நாள் காயாத ஈரம். ஆனால் அதை இட்ட பத்தாம் நாள், கத்தரி மட்டுமே நட்டிருந்த பாத்தியில் தக்காளி முளைகள் கொத்துக் கொத்தாகத் தலைநீட்டின. விதை மண்ணிலிருந்து வந்திருக்குமோ என்று, மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனித் தட்டில் ஈரப்படுத்தி வைத்தேன். அதிலும் ஏழு முளைகள் வந்தன. மனிதர் உண்ட தக்காளியின் விதை குடலையும் சுத்திகரிப்பு நிலையத்தையும் கடந்து உயிரோடு கசட்டில் சேருவது இயல்பே. சரியாகச் சூடேறிய குவியலில் அது பிழைப்பதில்லை. மக்கும் குவியலில் வெப்பம் போதுமான அளவு ஏறியதா என்று அறிய ஜெர்மனியில் தக்காளி விதையையே சோதனைப் பொருளாக வைக்கிறார்கள். 1993-இல் வந்த அமெரிக்க விதி, கிருமி நீங்கிய ‘ஏ வகுப்பு’ உரத்துக்கு, காற்றுச் செலுத்தும் குவியலில் 55 டிகிரி செல்சியஸ் வெப்பம் 3 நாள் நீடிக்க வேண்டும் என்றும், திறந்தவெளி நீள்குவியலில் 15 நாள் நீடித்து 5 முறையாவது புரட்டப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தச் சூட்டை விதை தப்பியிருக்குமானால், குடலில் வாழும் உருளைப்புழுவின் முட்டையும் சால்மோனெல்லா நோய்க்கிருமியும் தப்பியிருக்க மாட்டா என்று எதை நம்பிச் சொல்வது? விற்பனையாளரிடம் கேட்டபோது ஓர் ஆய்வறிக்கை அனுப்பினார்கள். அதில் பேட்ச் எண் இல்லை, தேதி மூன்று ஆண்டுகளுக்கு முந்தையது. உண்ணும் பயிருக்கு இடும் பொருளில் இந்த அலட்சியத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

குருணையைக் கீரைக்கும் முள்ளங்கிக்கும் நான் இடாததற்குக் காரணம் கிருமி அல்ல, கன உலோகம். சூடு கிருமியைக் கொல்லும்; காட்மியம் என்ற நச்சு உலோகத்தை ஒன்றும் செய்யாது. செடி உறிஞ்சும் காட்மியம் காயைவிட இலையில் அதிகமாகச் சேர்கிறது, அமில மண்ணில் இன்னும் கூடுதலாக. மேற்சொன்ன அமெரிக்க விதியில் உயர்தரக் கசட்டுக்கான காட்மிய வரம்பு கிலோவுக்கு 39 மில்லிகிராம். வாங்குகிறவர் தம் மூட்டைக்குரிய அறிக்கையில் காட்மிய அளவையும், தம் மண்ணின் கார அமில நிலையையும் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். மண்ணைத் தொட்டு வளர்ந்து பச்சையாக உண்ணப்படும் காய்கறி நிலத்தில், அறுவடைக்கு முந்தைய 10 மாதம் கசடு இடக்கூடாது என்கிறது 1986-ஆம் ஆண்டு ஐரோப்பிய வழிகாட்டு ஆணை. அந்த எச்சரிக்கை எனக்குச் சரியென்றே படுகிறது.

எந்த மூட்டையிலும் சொல்லப்படாத மற்றொன்று, எளிதில் சிதையாத பிஎஃப்ஏஎஸ் வேதிப்பொருள்கள். இவற்றால் பண்ணைகள் பாழானதைக் கண்ட அமெரிக்காவின் மெயின் மாநிலம், 2022-இல் கசட்டை நிலத்தில் இடுவதையே தடை செய்தது. சுவிட்சர்லாந்தோ 2006-லேயே வேளாண்மையில் இதற்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. எனக்கு வந்த அறிக்கையில் இதற்கான சோதனை இடம்பெறவே இல்லை. இயற்கை விளைபொருள் என்று சான்று பெற்று விற்க விரும்புகிறவர்களுக்கு இந்த உரம் பயன்படாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அமெரிக்க இயற்கை வேளாண் விதிகள் கழிவுநீர்க் கசட்டை அறவே விலக்குகின்றன.

புதிய ஆய்வறிக்கையோடு வந்தால், குருணையைக் கத்தரிக்கும் வெண்டைக்கும் தக்காளிக்கும் அடுத்த பருவமும் வாங்குவேன். மக்கிய உரத்தில் மிஞ்சிய நான்கு மூட்டைகளை, கையுறை அணிந்து, காய்கறிப் பாத்திகளுக்கு எட்டாத வேலியோர மரங்களின் அடியில் குழிதோண்டிப் புதைத்துவிட்டேன். அந்தக் கத்தரிப் பாத்தியில் இந்த ஆண்டு பூச்செடி மட்டுமே.