ஊரில் இருமலுக்குப் பார்த்த இரண்டு டாக்டர்கள்

விமானம் ஏறுவதற்குப் பத்து நாள் முன்பு வைரஸ் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் மூன்றே நாளில் விட்டது, இருமல் விடவில்லை. பகலில் சமாளித்துவிடலாம். படுத்தால்தான் தொண்டைக்குள் ஏதோ ஊர்வது போல ஆரம்பித்து, எழுந்து உட்காரும்வரை அடங்காது. பக்கத்து அறையில் விளக்கு எரியும். அம்மா வெந்நீர்ச் செம்போடு வந்து நிற்பார். மூன்று இரவு இப்படிப் போனதும் டாக்டரிடம் போய்விட்டேன்.

முதலில் போன கிளினிக்கில் டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருந்தது இரண்டு நிமிடம். சட்டைக்கு மேலேயே ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார்; "நெஞ்சுச் சளி" என்று ஆன்டிபயாடிக்கும் ஒரு சிரப்பும் எழுதினார். எத்தனை நாளாக இருமல் என்றுகூடக் கேட்கவில்லை. சிரப் தூக்கத்தைத் தந்தது, அவ்வளவுதான். வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. தேவையில்லாமல் சாப்பிட்டுப் பழகினால் கிருமிகள் அதற்கு அடங்காமல் போய்விடும். இதை ஒரு டாக்டருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று வருத்தமாக இருந்தது.

அப்புறம் அண்ணி சொன்ன ஒரு டாக்டரிடம் போனேன். அவர் மருந்து எழுதும் முன் கேள்வியாகக் கேட்டார். எந்தத் தேதியில் ஆரம்பித்தது? சளியில் ரத்தம் வருகிறதா? மூச்சு வாங்குகிறதா, எடை குறைந்ததா, இரவில் வியர்க்கிறதா, நெஞ்செரிச்சல் உண்டா? கடைசியாக, "பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுறீங்களா? பேர் சொல்லுங்க" என்றார். ராமிப்ரில், எனலாப்ரில் மாதிரி மாத்திரைகளாலேயே வறட்டு இருமல் வருமாம். நான் சாப்பிடுவது அம்லோடிபின், அதனால் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. எக்ஸ்ரேயும் அன்றைக்கே எடுத்தாயிற்று. நுரையீரல் சுத்தமாக இருந்தது.

"வைரஸ் போயிடுச்சு. அது புண்ணாக்கின மூச்சுக்குழாய் இன்னும் ஆறல. குளிர்ந்த காத்து, புகை, சத்தமா பேசுறது, எது பட்டாலும் கூசும்" என்றார். இப்படிப்பட்ட இருமல் 3 முதல் 8 வாரம் வரை இருக்கலாம், தானாகவே அடங்கும் என்றார். தலையை உயர்த்திப் படுக்கவும், படுக்கும் முன் ஒரு ஸ்பூன் தேன் சாப்பிடவும் சொன்னார் (ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது என்பதையும் சேர்த்தே சொன்னார்). இருமல் முட்டும்போது வாயை மூடி, எச்சிலை விழுங்கி, மூக்கால் மெதுவாக மூச்சு விட்டுப் பார்க்கச் சொன்னார். இந்தக் கடைசி யோசனைதான் எனக்கு ரொம்பக் கைகொடுத்தது.

திரும்பிப் போகிறவன் என்று தெரிந்ததும், சீட்டின் பின்பக்கம் எட்டு வாரம் முடியும் தேதியை எழுதி வட்டம் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகும் இருமினால் நுரையீரல் செயல்பாட்டுப் பரிசோதனை. ரத்தம் வந்தாலோ, மூச்சு திணறினாலோ, மறுபடி காய்ச்சல் அடித்தாலோ உடனே ஆஸ்பத்திரி. அந்தச் சீட்டைப் பாஸ்போர்ட் உறையில் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

வட்டம் போட்ட தேதிக்கு ஒரு வாரம் முன்பே இருமல் நின்றது. அம்மாவுக்குத்தான் முதலில் போன் செய்தேன்.