சாமி பட டைல்ஸ்: காம்பவுண்டு சுவருக்கு வாங்கலாமா?

கடவுள் பயம் போனால் ஒழுக்கமும் போய்விடுமா என்று பட்டிமன்றத்தில் இரண்டு மணி நேரம் பேசுவார்கள். அந்தக் கேள்விக்கான சோதனைக் கருவி டைல்ஸ் கடையிலேயே கிடைக்கிறது. பிள்ளையார், மாரியம்மன், வேளாங்கண்ணி மாதா, மெக்கா என்று காம்பவுண்டு சுவரின் தெருப்பக்கம் வரிசையாக ஒட்டியிருப்பார்களே, அந்தச் சரக்குதான். சுவரில் சிறுநீர் கழிப்பதைத் தடுக்கும் பொருளாக மட்டும் பார்த்தால் ஐந்துக்கு மூன்று மதிப்பெண் கொடுக்கலாம்.

சரக்கு மூன்று ரகம். முதலாவது, சாதா டைலின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி லேமினேட் செய்தது. ஒரு மழைக்காலம் போனால் ஓரம் தூக்கிவிடும். இரண்டாவது, கிளேஸ் எனப்படும் பளபளப்பான மேல்பூச்சின் மேல் யுவி பிரிண்ட் அடித்தது. வீட்டுக்குள் பூஜை அறைக்குச் சரி. மேற்கு வெயில் படும் சுவரில் முகம் வெளுத்துப்போகும். மூன்றாவது, பீங்கான் மையில் அச்சடித்துச் சூளையில் சுட்டது. வெளிச்சுவருக்கு இது ஒன்றுதான் தேறும். வாங்கும்போது ஒரு மூலையைத் தின்னர் நனைத்த துணியால் தேய்த்துப் பாருங்கள். நிறம் துணியில் ஒட்டினால் சுட்ட டைல் அல்ல. தின்னர் இல்லையென்றால் சிவப்பைப் பாருங்கள். சூளை வெப்பத்தில் பளிச்சென்ற சிவப்பு கிடைப்பது கடினம். குங்குமம் கொஞ்சம் செங்கல் நிறமாகத்தான் வரும். அம்மன் புடவை கண்ணைப் பறிக்கும் சிவப்பில் இருந்தால் சந்தேகப்படலாம்.

அளவு 8-க்கு 12 அங்குலம் போதும். அதைவிடச் சின்னதாக இருந்தால் நடந்து வருகிறவர் கண்ணில் படாது.

ஒட்டுவதில்தான் பெரும்பாலும் கெட்டுப்போகிறது. சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ பூசிய சுவரில் அப்படியே ஒட்டினால் டைல் பெயிண்டைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். பெயிண்ட் உரியும்போது சாமியும் கீழே வரும். டைல் அளவைவிட ஒரு அங்குலம் கூடுதலாக, உள்ளே இருக்கும் சிமென்ட் பூச்சு தெரியும்வரை சுரண்டி, கொத்துப் போட்டு, தூசி போகக் கழுவ வேண்டும். டைலின் நடுவில் ஒரு உருண்டை சிமென்ட் வைத்து அழுத்திவிட்டுப் போகிற கொத்தனாரை விடாதீர்கள். நாலு மூலையும் உள்ளே வெற்றாக இருக்கும், சைக்கிள் ஹேண்டில் பட்டாலே உடையும். பின்புறம் முழுக்கக் கலவை பரவ வேண்டும். சிமென்ட் கலவை என்றால் செராமிக் டைலை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். பாக்கெட்டில் வரும் பாலிமர் பசை என்றால் ஊறப்போடக் கூடாது. மேல் விளிம்பில் சிலிக்கான் இழுத்துவிடுங்கள். அதை விட்டுவிட்டால் மழைநீர் பின்னால் இறங்கி, டைலின் உடல் நீரை உறிஞ்சி ஊதி, கிளேஸில் மயிரிழை விரிசல் விழும்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. நாள்பட்ட மூத்திர வாடை அடிக்கும் சுவரில் நேராக பிளீச்சிங் பவுடரைக் கொட்ட வேண்டாம். மூத்திரத்திலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து நெஞ்சை அடைக்கும் நச்சுப் புகை வரும். முதலில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி வடியவிடுங்கள். வாடை போகாமல் டைல் ஒட்டிப் பயனில்லை. அடுத்து வருகிறவருக்கு ‘இது வழக்கமான இடம்’ என்று வாடையே சொல்லிவிடும்.

உயரம்: டைலின் கீழ் விளிம்பு தரையிலிருந்து இரண்டரை அடி. ஐந்தடியில் ஒட்டினால் சாமி மேலே பார்த்துக்கொண்டிருக்க, கீழே வேலை நடக்கும். ஒன்றரை அடிக்குக் கீழே போனால் நாய்கள் இருக்கின்றன. அவற்றுக்கு ஆத்திகமும் தெரியாது நாத்திகமும் தெரியாது. இடைவெளி நாலடிக்கு மேல் போகக் கூடாது. ஆறேழு அடி விட்டால் நடுவில் ஒருவர் தாராளமாக நிற்பார். டிரான்ஸ்பார்மர் ஓரம், ஈபி கம்பத்தின் பின்புறம், சுவர் முடியும் மூலை ஆகிய மறைவிடங்களில் முதலில் ஒட்டிவிட்டு, பிறகு நடுவை நிரப்புங்கள். தெருவிளக்கு இல்லாத இடமானால் மேலே ஒரு எல்இடி விளக்கு கட்டாயம். இருட்டில் தெரியாத சாமிக்கு யாரும் பயப்படுவதில்லை.

இந்தக் கடைசிக் குறைபாடு டைலில் இல்லை, நம்பிக்கை மனிதனிடம் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. கடவுள் எங்கும் இருக்கிறார் என்று சொல்கிற அதே ஆள், டைல் இல்லாத நாலாவது அடியில் நிற்கிறார். மொராக்கோவின் மராகெஷ் நகரக் கடைக்காரர்களிடம் நடத்தி 2015-இல் வெளியான ஆய்வு ஒன்றும் இதைத்தான் காட்டியது: பாங்கு காதில் விழும் நேரத்தில் அவர்கள் தர்மத்துக்குக் கூடுதலாகக் கொடுக்க முன்வந்தார்கள், ஓசை நின்ற மற்ற நேரங்களில் அந்த அளவு இல்லை. ஊர் மாறவில்லை, மார்க்கமும் மாறவில்லை. நினைவூட்டல் இருந்ததா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

அந்த நினைவூட்டல் கடவுளாகத்தான் இருக்க வேண்டுமா? இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில், தேநீர் எடுத்துக்கொண்டு காசை உண்டியலில் போடும் மூலையில், விலைப்பட்டியலுக்கு மேல் ஒரு வாரம் பூப்படமும் மறுவாரம் மனிதக் கண்களின் படமும் மாற்றி மாற்றி ஒட்டினார்கள். கண்கள் இருந்த வாரங்களில் வசூல் ஏறக்குறைய மூன்று மடங்கு. 2006-இல் வெளியான ஆய்வு அது. பிறகு வந்த இந்த வகை ஆய்வுகள் எல்லாம் இதே பலனைக் காட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். என்றாலும் படம் தேர்ந்தெடுக்கும்போது நேராகப் பார்க்கும் முகத்தையே எடுங்கள். பக்கவாட்டில் பார்க்கும் கிருஷ்ணனைவிட முழித்துப் பார்க்கும் அம்மன் இந்த வேலைக்குத் தேவலை.

மும்மத செட் என்று விற்பதன் கணக்கும் கவனிக்கத்தக்கது. மாதா படத்தின் மேல் ஒரு இந்து ஏன் கை வைப்பதில்லை? மாதாவிடம் பக்தி இருக்கலாம், நம் ஊரில் அது சகஜம். ஆனால் மாதாவைக் கும்பிடுகிறவர் யாராவது பார்த்துவிட்டால் தெருவே கூடிவிடும் என்ற பயமும் அதில் கலந்திருக்கிறது. சாமியே இல்லை என்பவரும் அதே காரணத்துக்காகத் தள்ளிப் போவார். கடவுள் பயம் என்று நாம் கணக்கெழுதுவதில் பாதி, கடவுளின் ஆட்கள் மேல் உள்ள பயம். மெக்கா, மதீனா படம் வைக்கிறவர்கள் அரபு வசனம் அச்சான டைலைத் தவிர்த்துவிடுங்கள். அசுத்தமான இடத்தில் வசனத்தை வைப்பதே பலருக்கு மனக்கஷ்டம்.

அந்தக் கஷ்டம் ஒரு மதத்துக்கு மட்டும் உரியதும் அல்ல. கடவுள் படங்களை இப்படி ஒட்டுவதைத் தடைசெய்யக் கோரிய பொதுநல மனுவை டெல்லி உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் தள்ளுபடி செய்தது. ஆகவே ஒட்டலாம். ஆனால் டைலுக்கு மேல் தகரக் கூரை, கீழே விளக்கு மாடம், பிறகு உண்டியல் என்று தெருவுக்குள் நீட்டினால் கதை வேறு. பொதுத் தெருவில் அனுமதியில்லாத வழிபாட்டுக் கட்டடம் எழும்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. யாராவது மஞ்சள் பூசிச் சூடம் ஏற்றத் தொடங்கினால் சுவர் சுத்தமாகத்தான் இருக்கும். பிறகு கேட் வைக்க அந்தச் சுவரை இடிக்க முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சாமி இல்லாத மாற்றும் இருக்கிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் சாங்க்ட் பவுலி பகுதிக்காரர்கள் 2015-இல் நீரை ஒட்டவிடாத பூச்சைச் சுவரில் அடித்தார்கள். கழிப்பவரின் காலிலேயே திருப்பித் தெறிக்கும். அதே ஆண்டு சான் பிரான்சிஸ்கோவும் முயன்றது. எந்த மதத்தாருக்கும் இருட்டிலும் ஒரே பலன். விலை அதிகம், சொரசொரப்பான, தூசி படிந்த சுவரில் சீக்கிரம் பலம் இழக்கும். நம்மூர் சுவர்களில் பெரும்பாலானவை அந்த ரகம்தான்.

உடைந்த டைலை என்ன செய்வது என்று வாங்கும்போது யாரும் கேட்பதில்லை. குப்பையில் போட மனம் வராமல் அரசமரத்தடியில் சாய்த்து வைக்கிறார்கள். அங்கே அது வருடக்கணக்கில் கிடக்கும், பீங்கான் மக்காது. ஒட்டும்போதே படத்துக்கு இரண்டு என்று கூடுதலாக வாங்கி வைத்தால், விரிசல் விட்டதன் மேலேயே புதியதை ஒட்டிவிடலாம்.

தனி வீடு, பள்ளி, சின்ன அலுவலகம் என்றால், நூறு மீட்டருக்குள் கழிப்பறை இருக்கும் பட்சத்தில் தாராளமாக வாங்கலாம். பேருந்து நிறுத்தம், டாஸ்மாக், லாரி நிற்கும் இடம் ஆகியவற்றை ஒட்டிய சுவருக்கு வேண்டாம். மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டு இறங்குகிறவர் உங்கள் டைலுக்கு மரியாதை கொடுத்து எதிர்வீட்டுச் சுவருக்குப் போவார். எதிர்வீட்டுக்காரரும் டைல் வாங்குவார். கடைக்காரருக்கு நல்ல வியாபாரம்.