ஸ்ரிக்கரைப் பாத்து பற்றரி வாங்காதேங்கோ

அப்பாவுக்கு ஸ்லீப் அப்னியா, நித்திரையில மூச்சு நிண்டு நிண்டு போற வருத்தம். படுக்கேக்க மாஸ்க்கால காத்தை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்து வைக்கிற சீபாப் மெசின் போடாட்டி தொண்டை அடைச்சு அடைச்சு முழிப்பார். நாங்கள் இருக்கிறது முல்லைத்தீவில, ஒட்டுசுட்டான் பக்கம். பாலைக் கொப்பு முறிஞ்சாலும் கரண்ட் இல்லை, யானை தென்னையைத் தள்ளினாலும் கரண்ட் இல்லை. 2022 இல 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாளெல்லாம் அவர் கதிரையில இருந்தபடிதான் கண்ணயர்ந்தவர். அதால போன மாரிக்கு முதல் கிளிநொச்சியில ஒரு கடையில பற்றரியும், பற்றரிக் கரண்டை வீட்டுக் கரண்டா மாத்திற இன்வேட்டரும் எடுத்தனாங்கள்.

"100 அம்பியர், தம்பி. ரெண்டு இரவுக்குக் கவலையே இல்லை" எண்டார் கடைக்கார அண்ணை. மெசின் எத்தினை வாற் எண்டு கேக்கேல்லை. எனக்கும் தெரியாது அப்ப.

கார்த்திகையில ஒரு இரவு பதினொரு மணிக்குக் கரண்ட் போச்சு. இரண்டு மணிக்கு இன்வேட்டர் கீக் கீக் எண்டு கத்தி நிண்டிட்டுது. அப்பா மாஸ்க்கைப் பிடுங்கி எறிஞ்சுபோட்டு வேர்த்து வழிய இருக்கிறார். மெசின் நிண்டால் மாஸ்க்கை உடனே கழட்ட வேணும், இல்லாட்டி விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டி வரும்.

விடிய, வயரிங் வேலை செய்யிற மச்சான் வந்து ஸ்ரிக்கரை நகத்தால சுரண்டினான். கீழ 45 அம்பியர். கார் பற்றரி! ஸ்ராட் அடிக்கிற நேரம் அள்ளிக் குடுக்கும், இரவிரவா வடிச்சால் கெதியாச் செத்துப்போகும். உண்மையான 100 அம்பியர் ஈயப் பற்றரி 25 கிலோவுக்கு மேல வரும். நான் இதை ஒரு கையால மோட்டார் சைக்கிளில தூக்கி வச்சனான். விசரன்.

கணக்கும் போட்டுக் காட்டினான். 12 வோல்ற் தர 45 அம்பியர்-மணி, 540 வாற்-மணி. ஈயப் பற்றரியில பாதிக்கு மேல எடுக்கக்கூடாது, 270. இன்வேட்டர் தின்னுறது போக 220 சொச்சம். மூச்சுக்காத்தை ஈரமாக்கத் தண்ணி சூடாக்கிற பகுதியோட எங்கட மெசின் 70 வாற் மட்டில இழுக்குது. மூண்டு மணித்தியாலம், அப்பிடியே சரி. இன்வேட்டரும் சுத்தமான சைன் அலை, அதாவது வீட்டுக் கரண்ட் மாதிரிச் சீரான அலை, குடுக்கிறது இல்லையாம். அடப்டர் இரைஞ்சதும் அதாலதான். நாங்கள் மெசின் பழசாப் போச்செண்டு இருந்தனாங்கள்.

திருப்பிக் கொண்டு போனால், "உங்கட மெசின்தான் பிழை" எண்டார். பில்லில "பற்றரி 1, இன்வேட்டர் 1" மட்டும். அம்பியரும் இல்லை, வரண்டியும் இல்லை. போனது 78,000 ரூபா. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 எண்ட இலக்கத்துக்கு அடிச்சு முறையிடலாம்தான், ஆனா என்னத்தைக் காட்டுறது?

இப்ப கிளினிக்கில கேட்டுப்போட்டு, கரண்ட் இல்லாத இரவில சூடாக்கியை நிப்பாட்டிறம். மெசின் 30 வாற்றுக்குக் கீழ இறங்குது. அது 24 வோல்ற்றில ஓடுறது. அந்த மெசினுக்கெண்டே வாற, பற்றரியின்ர 12 வோல்ற்றை 24 ஆக்கிற கன்வேட்டரைப் போட்டதால இன்வேட்டரே தேவைப்படேல்லை. புதுப் பற்றரி ஈயம் இல்லை, லிதியம் அயன் (இரும்பு) பொஸ்பேற் வகை. இந்த முறை மெசினைக் கடைக்கே தூக்கிக்கொண்டு போய், மூண்டு மணித்தியாலம் ஓடவிட்டு, பில்லில அம்பியரை எழுதுவிச்சுப்போட்டுத்தான் காசு குடுத்தனான். கடைக்காரர் முகம் சுழிக்கேல்லை, ரீயும் எடுத்துத் தந்தவர்.

பழைய பற்றரி கோழிக்கூட்டில ஒரு எல்ஈடி பல்ப் எரிக்குது.